நுணுக்கக் கூடாத மாத்திரை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை வேலப்பன்சாவடியில் இறங்கி, திருவேற்காட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறியபோது டிரைவர், "கோயிலுக்கா சார்?" என்று கேட்டார். "இல்லீங்க, காலேஜுக்கு" என்றேன். என் நரைத்த மீசையைப் பார்த்துவிட்டு, "பையனைச் சேர்க்கவா?" என்றார். முப்பத்தைந்து வயதுக்குள்ளேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது! இருக்கட்டும். பொறுப்பில் இருப்பவர்கள் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். என் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தொழிலைப் பற்றியும், அந்தத் தொழிலில் இருந்துகொண்டே நான் செய்த ஒரு தவறைப் பற்றியும் பேசுகிறேன்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். படித்து முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். மருந்துக் கம்பெனிகளுக்கு இயந்திரம் செய்து கொடுப்பது அங்கே வேலை. கடுகு அளவு மருந்து மணிகளைக் காற்றில் மிதக்கவிட்டு, அவற்றின் மேல் பாலிமர் கரைசலைத் தெளித்து மெல்லிய பூச்சு ஏற்றுகிற இயந்திரம். வறுகடலைக்குச் சர்க்கரைப்பாகு பூசுகிற மாதிரிதான். கொஞ்சம் நாசூக்காகச் செய்ய வேண்டும், அவ்வளவே. அந்த இயந்திரத்தின் நாசில் வடிவமைப்பு என் பொறுப்பு. நிமிடத்துக்கு எத்தனை கிராம் தெளிக்க வேண்டும், காற்று எத்தனை டிகிரி சூட்டில் வர வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தப் பூச்சு எதற்கு என்று ஒரு நாளும் நான் யாரையும் கேட்டதில்லை.

அப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் விழுங்குவது சிரமமாகிவிட்டது. தண்ணீர் குடித்தாலே புரை ஏறும். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை இருந்தது, நிஃபெடிபின் வகை. காலையில் ஒன்று போட்டால் நாள் முழுக்கத் தாங்கும். அதை அவரால் விழுங்க முடியவில்லை. "இதுக்கு என்னடா பண்றது?" என்று அம்மா கேட்டார். நான் இன்ஜினியர் ஆயிற்றே! ஏலக்காய் தட்டுகிற சின்ன இடிகல்லில் மாத்திரையைப் போட்டு நுணுக்கினேன். தேனில் குழைத்து நாக்கில் தடவினேன். அப்பாவும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். எனக்கு ஒரே பெருமை.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கண் செருகியது. நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேல் அழுத்தம் எண்பதுக்கும் கீழே போயிருந்தது. டிரிப் ஏற்றி, காலைத் தூக்கி வைத்து, இரண்டு மணி நேரம் போராடினார்கள். என்னைவிட வயது குறைந்த ஒரு டியூட்டி டாக்டர் அம்மா வந்து, "மாத்திரையை எப்படிக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அட்டையைத் திருப்பிக் காட்டினார். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து: எஸ்.ஆர். "இது மெதுவா கரையற மாத்திரை சார். நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்தை ஒரே மூச்சில் குடுத்துட்டீங்க" என்றார். பிறகு சும்மா பேச்சுக்கு, "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். நண்பர்களே, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். நான்கு வருஷம் இங்கே படிக்காததையெல்லாம் அந்த ஆறு மாதத்தில் படித்தேன் என்று சொன்னால் நம் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மாத்திரை என்பது மருந்துப் பொடியைக் கெட்டியாக அழுத்தி வைத்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். சாதாரண மாத்திரை அப்படித்தான். மெதுவாகக் கரையும் மாத்திரைகளில் பலவற்றில் மருந்தோடு ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமர் கலந்திருக்கிறது. மரக்கூழிலிருந்தோ பஞ்சிலிருந்தோ எடுத்த செல்லுலோஸைக் கொஞ்சம் மாற்றிச் செய்தது அது. வயிற்றுக்குள் போய் ஈரம் பட்டதும் மாத்திரையின் மேல்தோல் உப்பி வழுவழுப்பான ஜெல்லாக மாறுகிறது. அந்த ஜெல்தான் காவல்காரன். உள்ளே தண்ணீர் ஒரேயடியாகப் புகாமல் தடுக்கிறது. வெளியே மருந்து ஒரேயடியாகப் பாயாமல் தடுக்கிறது. மருந்து அந்த ஜெல்லின் சந்துபொந்துகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வருகிறது. மேலே ஜெல் தேயத் தேய, உள்ளே புது ஜெல் உண்டாகிறது. நான் இடிகல்லில் நுணுக்கியது மாத்திரையை மட்டுமல்ல, அந்தக் காவல்காரனையும்தான்.

ஜெல் என்றதும் ஏதோ அமெரிக்க ஆராய்ச்சிக்கூடத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் சர்பத்தில் போட்டுக் குடிக்கும் சப்ஜா விதையைப் பாருங்கள். தண்ணீரில் போட்ட கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி ஓர் உறை. அது ஜெல். ராத்திரி ஊற வைத்தால் காலையில் பாத்திரம் நிறைய உப்பி நிற்கும் பாதாம் பிசின், அதுவும் ஜெல். பிளஸ் டூ வேதியியலில் 'கூழ்மம்' என்று ஒரு பாடம் படித்தோமே, நினைவிருக்கிறதா? 1861-ல் தாமஸ் கிரகாம் என்ற வேதியியலார் 'கொலாய்டு' என்ற சொல்லை உண்டாக்கினார். நம் ஆட்கள் அதைக் கூழ்மம் என்று தமிழாக்கினார்கள். ஆடி மாதம் கருமாரியம்மன் கோயிலில் கூழ் வாங்கிக் குடித்த எவருக்கும் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

ஜெல்லுக்குள் என்ன இருக்கிறது? நீண்ட நீண்ட பாலிமர் சங்கிலிகள், மீன் வலை மாதிரி ஆங்காங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்த வலை பிடித்து வைத்திருப்பதெல்லாம் தண்ணீர். எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீராக இருந்தாலும் அது ஓடாது, நிற்கும். வலைக்கண் பெரிதானால் மருந்து சுலபமாக வெளியேறும். சின்னதானால் சிரமப்பட்டு வெளியேறும். முடிச்சை அவிழ்த்துவிட்டால் மொத்தமும் கொட்டிவிடும். மருந்தை நேரம் பார்த்து வெளியே விடுகிற வித்தை முழுவதும் இந்த மூன்று வாக்கியத்தில் அடங்கிவிடும். மிச்சமெல்லாம் இன்ஜினியரிங்.

இந்த ஜெல்லை மனித உடம்புக்குள் கொண்டுவந்த கதையில் எனக்குப் பிடித்தவர் செக்கோஸ்லோவேகியாவின் ஓட்டோ விக்டர்லே. அவரும் டிரகோஸ்லாவ் லிம் என்பவரும் 1960-ல், உடம்புக்கு ஒத்துக்கொள்கிற ஹைட்ரோஜெல் ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அதில் கண்ணுக்கு லென்ஸ் செய்யலாம் என்று விக்டர்லேக்கு ஆசை. ஆனால் ஆதரவு கிடைக்கவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் மெர்க்கூர் என்ற இரும்புப் பட்டை பொம்மை செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்துச் சுழலும் இயந்திரம் ஒன்றைச் செய்து, அதில் மென்மையான கான்டாக்ட் லென்ஸை வார்த்தார். "சார், லேபில் வசதியில்லை" என்று சொல்லும் தம்பிகள் இதைக் கவனிக்கவும்!

இப்போது நம் கடலுக்கு வருவோம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் மன்னார் வளைகுடாவில் பெண்கள் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் முங்கிப் பாசி எடுப்பார்கள். கட்டக்கோரை என்று அவர்கள் சொல்வது சர்காசம் என்ற பழுப்புப் பாசி. பக்கோடாப் பாசி என்று சொல்வது டர்பினேரியா. இவற்றிலிருந்துதான் ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். 1881-ல் ஸ்டான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வேதியியலார் முதன்முதலில் பிரித்தெடுத்த பொருள் அது. துணிக்குச் சாயம் அச்சிடுகிற பசையில் இருக்கிறது, ஐஸ்கிரீமில் இருக்கிறது. மருந்து ஆராய்ச்சியிலும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதற்குப் பிறகு பாசி எடுக்கும் பெண்களின் பிழைப்புக்கும் வனத்துறைக் கட்டுப்பாட்டுக்கும் நடுவே இழுபறி உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரையில் 'சோடியம் ஆல்ஜினேட், 2 சதவீதம்' என்று ஒரு வரியில் வருகிற பொருளுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய மூச்சு இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

ஆல்ஜினேட்டில் மணி செய்வது குழந்தை விளையாட்டு. நூறு மில்லி தண்ணீரில் இரண்டு கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைக் கரைத்தால் கஞ்சி மாதிரி வரும். அதை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கால்சியம் குளோரைடு கரைத்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுந்த மாத்திரத்தில் ஒவ்வொரு சொட்டும் உருண்டையாக, வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி நிற்கும். காரணம், கால்சியம் அயனிக்கு இரண்டு கை. ஒரு கையால் ஒரு சங்கிலியையும் மறு கையால் பக்கத்துச் சங்கிலியையும் பிடித்துக்கொள்கிறது. முட்டை அடுக்கும் அட்டையில் முட்டை உட்காருவது போலக் கால்சியம் உட்காருகிறது என்று 1973-ல் விளக்கம் சொன்னார்கள். அந்தக் கஞ்சியில் மருந்தைக் கலந்து சொட்டினால் மருந்து மணிக்குள் சிறைப்படும்.

வயிற்று அமிலத்தில் இந்த மணி சுருங்கிக்கொள்ளும். சிறுகுடலுக்குப் போனால் அங்கே அமிலம் குறைவு, உப்பிக்கொள்ளும். அங்குள்ள பாஸ்பேட், கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ள, முடிச்சுகள் அவிழும். வயிற்றில் கெட்டுப்போகிற மருந்தைக் குடல்வரை பத்திரமாகக் கொண்டு சேர்க்க இது தோதானது.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இங்கேதான் நம் ஹீட் டிரான்ஸ்பர் பாடம் வருகிறது. (அந்தப் பேப்பரில் எனக்கு ஓர் அரியர் இருந்தது. பாடம் நடத்தியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.) வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஃபூரியர் 1822-ல் எழுதினார். அதே சமன்பாட்டைப் பின்பற்றித்தான் 1855-ல் ஃபிக், ஒரு பொருள் இன்னொன்றுக்குள் எப்படிப் பரவுகிறது என்று எழுதினார். சூடான இரும்புக் குண்டு ஆறுகிற கணக்கும், ஜெல் மணியிலிருந்து மருந்து வெளியேறுகிற கணக்கும் ஒன்றே. எழுத்துதான் வேறு. அந்தக் கணக்கு சொல்வது: நேரம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணியின் அளவு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு.

போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள ஈரமான ஆல்ஜினேட் மணியிலிருந்து சின்ன மூலக்கூறு மருந்து வெளியேற அரை மணி நேர அளவுதான் ஆகும். அரை நாள் தாங்காது! மணியை இன்னும் பொடியாக்கினால் இன்னும் சீக்கிரம். ஆகவே வெறும் வலை போதாது. மணியை உலர்த்த வேண்டும், அல்லது இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானை மேலே பூச வேண்டும், அல்லது மருந்தே சங்கிலியோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். நாசில் வடிவமைத்த எனக்கு, பூச்சு எதற்கு என்ற கேள்விக்கு அன்றுதான் விடை கிடைத்தது.

என் இடிகல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பத்து மில்லிமீட்டர் மாத்திரையைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பொடியாக்கினால் அளவு நூறில் ஒன்று. வர்க்கம் எடுத்தால் நேரம் பத்தாயிரத்தில் ஒன்று. காகிதக் கணக்குதான், வயிற்றில் அப்படியே நடக்காது. ஆனாலும் அப்பா நாற்காலியில் சரிந்ததற்குக் காரணம் அந்தக் கணக்குதான்.

இந்த ஆராய்ச்சி யாருக்கு உபயோகம் என்று கேட்பீர்கள். நம் ஊர் உதாரணமே இருக்கிறது. காசநோய். 1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து செய்தது. இன்று அது சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமாக இருக்கிறது. சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் காசநோய் குணமாகும் என்று அதுவரை உலகம் நம்பியது. வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும் என்று 1959-ல் அந்த மையம் காட்டியது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது.

ஆனால் வீட்டில் கொடுத்தால் நோயாளி மாத்திரையை விழுங்குகிறாரா இல்லையா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். பலர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடுகிறது, வேலைக்குப் போக வேண்டும், மாத்திரையோ மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரும். பக்கத்தில் ஆள் நின்று மாத்திரையை விழுங்க வைக்கும் முறை பிறந்ததே இதனால்தான்.

தினம் ஒரு மாத்திரைக்குப் பதில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கொடுக்க முடிந்தால்? சண்டிகர் பட்ட மேற்படிப்பு மருத்துவ நிலையத்தில் ஜி.கே. குல்லர் குழுவினர் இதைத்தான் முயன்றார்கள். ஆல்ஜினேட்டைக் கால்சியத்தால் ஜெல்லாக்கி, நானோ அளவுத் துகள்களில் காசநோய் மருந்துகளை ஏற்றி, காசநோய் ஏற்படுத்திய கினிப் பன்றிகளுக்கு மூச்சு வழியாகக் கொடுத்தார்கள். 2005-ல் வெளியிட்ட முடிவு: பதினைந்து நாள் இடைவெளியில் மூன்றே முறை கொடுத்தது, வாய்வழியாகத் தினமும் கொடுத்த நாற்பத்தைந்து டோஸுக்குச் சமமாக வேலை செய்தது.

இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் உடனே இன்ஜினியர் மூளை குறுக்கே வந்தது. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவருக்கு ரிஃபாம்பிசின் ஒரு நாளைக்கு 450 மில்லிகிராம். பதினைந்து நாளைக்கு ஏறக்குறைய ஏழு கிராம். அது ஒரு மருந்து மட்டும்தான். மற்ற மருந்துகளும் பாலிமரும் தனி. இத்தனையையும் ஒரே தடவையில் மூச்சில் இழுப்பது எப்படி? நானோ துகளில் மருந்து வீணாவது குறைவு, ஆகவே டோஸையும் குறைக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் கினிப் பன்றிக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தூரம் இதுதான். ஒரு கிராம் துகளை லேபில் ஒரே அளவாகச் செய்யலாம். ஒரு டன்னை, கிருமியில்லாமல், ஒவ்வொரு துகளும் ஒரே அளவாக, ஏழை நோயாளிக்குக் கட்டுப்படியாகும் விலையில் செய்ய வேண்டும். அங்கே மருந்தியல் படித்தவர் மட்டும் போதாது. நாசில் செய்கிறவன் வேண்டும், பம்ப் தெரிந்தவன் வேண்டும், கட்டுப்பாட்டுச் சர்க்யூட் எழுதுகிறவள் வேண்டும். அதாவது, இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் வேண்டும்.

தம்பி தங்கைகளே, பிராஜெக்டுக்குத் தலைப்பு இல்லாமல் யாராவது அலைந்தால், மேலே சொன்ன ஆல்ஜினேட் மணியில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்து, இரண்டு அளவில் செய்து, நிறம் எத்தனை நிமிடத்தில் தண்ணீரில் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். அளவு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு ஆகிறதா? ஆகவில்லையென்றால் ஏன் ஆகவில்லை? அந்த 'ஏன்' கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். சங்கத்திடம் என் முகவரி இருக்கிறது.

பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் மாத்திரை டப்பாவை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர்., சி.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., ரிடார்ட் என்று ஏதாவது இருந்தால் அதை நுணுக்கக் கூடாது, கடிக்கவும் கூடாது. சிலவற்றை நடுக்கோட்டில் பாதியாக உடைக்கலாம், ஆனால் அதை டாக்டரோ மருந்தாளுநரோ சொல்ல வேண்டும். விழுங்க முடியவில்லையென்றால் அவர்களிடமே சொல்லுங்கள். திரவமாகவோ வேறு மருந்தாகவோ மாற்றித் தருவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் மாற்றினார்கள். ஒரு நிமிட வேலை. நான் முதல் நாளே கேட்டிருக்கலாம்.

அப்பா அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் போட்டு, திரும்ப மாட்டியபோது ஒரு வாஷர் மிச்சமாகிவிட்டது. "அது சும்மாதாம்ப்பா இருக்கு" என்றேன். "எதுவும் சும்மா இருக்காது. எதுக்கு இருக்குன்னு தெரியாம எதையும் கழட்டாதே" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி, அவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வாய் கோணியிருந்ததால் மெதுவாகத்தான் பேசுவார். "வாஷர் கதைதான்டா" என்றார். பிறகு, "சரி, தூங்கு" என்றார்.

அவர் சொன்னது ஆவடியில் டாங்கிக்குப் பொருந்தியது. மாத்திரைக்கும் பொருந்துகிறது. உங்கள் எல்லோருடைய தொழிலுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

 அரியர் பேப்பரை இரண்டாம் முறை பாஸ் போட்ட ஐயாவுக்கு நன்றி.